நடவு வயலில் ஜென் உண்டா? கேள்வி பதில்

ஜென் என்னும் பௌத்த தியான மரபு பற்றி டெல்டா மாவட்ட அன்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘மன அமைதிக்கு ஜென் உதவுமா?’ என்று கேட்ட எல்லோருக்கும் மொத்தமாக ஒரே பதில்: உதவலாம். நல்ல தூக்கம் அதைவிடச் சீக்கிரம் உதவும்.

ஜென்னைச் சீனத்துக்குக் கொண்டுபோனவர் என்று சொல்லப்படும் போதிதர்மர் தமிழர். நாகப்பட்டினத்தில் புத்த விகாரையும் இருந்தது. அப்படியானால் ஜென் நம்மூரிலிருந்து போனதுதானே, ஐயா? (கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்)

தொடர்பில்லாத இரண்டு செய்திகளுக்கு முடிச்சுப் போடுகிறீர்கள், தம்பி. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547 வாக்கில் எழுதப்பட்டது. அது அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சிபுரம் என்று ஊர்ப்பெயர் சொல்வது பிற்கால மரபு. நாகையின் சூடாமணி விகாரையோ ராஜராஜன் காலத்தில், 1006 வாக்கில், ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பியது. ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அதற்கு எழுதி வைக்கப்பட்டது. போதிதர்மருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள். நாகையில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பெருமைப்பட அவையே போதும்.

என் மகளின் தலையாட்டி பொம்மையைப் பார்த்த உறவினர், ஜப்பானிலும் இதேபோல் ஒரு ஜென் பொம்மை உண்டு என்றார். உண்மையா? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

உண்மைதான் அம்மா. ‘தாருமா’ என்பார்கள். அது போதிதர்மரின் உருவம். ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில் கைகால்கள் சூம்பிப்போயின என்பது கதை. அதனால் பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. வாங்கும்போது கண்கள் வெறுமையாக இருக்கும். ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை வரைவார்கள், அது நிறைவேறினால் மற்றதை. ‘ஏழு முறை விழு, எட்டாம் முறை எழு’ என்ற ஜப்பானியப் பழமொழியை அதோடு சேர்த்துச் சொல்வதும் வழக்கம். அங்கிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து அங்கு போனதா என்று கதை கட்ட வேண்டாம். அடிப்பாகம் உருண்டு கனத்திருந்தால் எந்த நாட்டுப் பொம்மையும் எழுந்து நிற்கும்.

கைப்பேசி விளையாட்டுகளில் ‘ஜென் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. நேரக் கெடு இல்லை, மதிப்பெண் இல்லை. இது ஜென்னா? (இளைஞர், திருவாரூர்)

அது ஓய்வு. ஓய்வில் தவறில்லை, பெயர்தான் பொருந்தவில்லை. ஜென் மடத்தில் மணி அடிக்கும், கட்டை தட்டுவார்கள், தியானத்தில் தூங்கி வழிந்தால் தட்டையான கம்பால் தோளில் ஒன்று விழும். மதிப்பெண்ணை எடுத்துவிட்டு விளையாடுவது சுலபம். மதிப்பெண் எதிரே ஓடிக்கொண்டிருக்கும்போதே கை பதறாமல் ஆடுகிறீர்களா என்று பாருங்கள், அங்கே கொஞ்சம் நெருங்கி வருகிறீர்கள். உங்கள் பாட்டியிடம் பல்லாங்குழிப் பலகை இருந்தால் எதிரே உட்கார்ந்து ஆடுங்கள். பதினான்கு குழி. அள்ளிய புளியங்கொட்டை கடைசி ஒன்று வரை கையைவிட்டுப் போக வேண்டும், அப்புறம்தான் அடுத்த குழி. பாட்டி எண்ணுவது போலவே தெரியாது, ஆனால் எந்தக் குழியில் எத்தனை என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

விளையாட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது, வில்வித்தையை ஜென் என்று நம்பியவர்களுக்கும் ஒரு செய்தி. 1948இல் வந்த ஒரு ஜெர்மன் புத்தகத்தால் பரவிய எண்ணம் அது. அதில் வரும் ஆசான் ஆவா கென்சோ ஜென் பயின்றவரே அல்லர் என்று பின்னாளில் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் காட்டினார்.

தஞ்சாவூர் ஓவியத்தில் ஜென் காண முடியுமா? (ஓவிய ஆசிரியை, கும்பகோணம்)

எதற்கு அம்மா வலிந்து தேட வேண்டும்? தங்கத் தகடும் கல்லும் பதித்து, இடம் விடாமல் நிரப்புவதுதான் அதன் அழகு. ஜப்பானில் கியோட்டோ நகரின் ரியோவான்ஜி ஜென் கோயில் தோட்டத்தில் 15 கற்கள், மற்றதெல்லாம் சீவிய சரளை. எங்கிருந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது கண்ணுக்கு மறையும். இரண்டும் வேறு வேறு கண்.

மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் காலையில் சிக்குக் கோலம் போடுபவரின் கையைக் காட்டுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை விடும் வேகம் வளைவிலும் மாறாது. யோசிக்க நின்றால் அந்த இடத்தில் மாவு கொட்டித் தடித்துவிடும். ஜென் துறவிகள் ஒரே வீச்சில் வரையும் மை வட்டத்திலும் தயங்கிய இடம் இப்படித்தான் தெரிந்துவிடும். ஒரு வேறுபாடு: கோலத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம், காகிதத்தில் விழுந்த மை விழுந்ததுதான். கோலம் அழிவதை வைத்து நிலையாமை பேசாதீர்கள். எல்லோரும் பேசிவிட்டார்கள்.

வீட்டில் சிரிக்கும் புத்தர் பொம்மை இருக்கிறது. வயிற்றைத் தடவினால் பணம் வரும் என்கிறார்கள். இதில் ஜென் இருக்கிறதா? (கடைக்காரர், மன்னார்குடி)

அவர் கௌதம புத்தர் அல்லர். பத்தாம் நூற்றாண்டு வாக்கில் சீனத்தில் துணி மூட்டையோடு திரிந்த துறவி. பணம் வருமா என்பது உங்கள் கடையைப் பொறுத்தது. ஆனால் அவர் பெயரால் வழங்கும் ஒரு பாட்டு உங்களூர்க்காரருக்கு உடனே புரியும். அதன் கருத்து இது: கையில் பச்சை நாற்று, வயல் நிறைய நடுகிறேன், தலை குனிந்தால் தண்ணீருக்குள் வானம், புலன்கள் தெளிந்தால் அதுவே வழி, பின்னால் எடுத்து வைக்கும் அடிதான் முன்னேற்றம்.

மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை நடவு நடக்கும்போது வரப்பில் நின்று பாருங்கள். இடக்கையில் நாற்று முடி. வலக்கை இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றில் ஊன்றும். நட்டதை மிதிக்கக் கூடாது, ஆகவே வரிசை முழுவதும் பின்னோக்கியே நகரும். கால் எடுத்த குழியில் தண்ணீர் வந்து நிறையும். கண்ணுக்கு நேரே மேகம்.

இதைப் படித்துவிட்டு யாராவது வரப்பிலிருந்து ‘ஆகா, தியானம்’ என்றால் எனக்குக் கோபம் வரும். நடவுப் பெண்களுக்கு மாலையில் இடுப்பு நிமிராது. முதலில் கூலியைப் பற்றிப் பேசட்டும். பாடியவர் குனிந்து நட்டவராகத்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறார், மேற்பார்வை பார்த்தவராக அல்ல. இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. அது முன்னோக்கி ஓடி, பின்னால் நட்டுக்கொண்டே போகிறது. அந்தப் பாட்டு அதற்குப் பொருந்தாது, ஆனால் இடுப்புக்கு நல்லது.

ஜப்பானியர் தேநீர்ச் சடங்கு போல நம் டிகிரி காபியையும் சொல்லலாமா? (ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்)

டபராவில் ஆற்றும்போது செய்தித்தாள் படிக்காமல் இருந்தால் சொல்லலாம்.

எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது? (பள்ளி ஆசிரியர், மயிலாடுதுறை)

ஜப்பானியத் துறவி தோகென் 1237இல் மடத்துச் சமையற்காரருக்காக எழுதிய சிறு நூலிலிருந்து. சீனத்தில் தாம் பார்த்ததை அதில் சொல்கிறார். உச்சி வெயிலில் 68 வயதுச் சமையற்காரத் துறவி, தலையில் தொப்பிகூட இல்லாமல், காளான் காயவைத்துக்கொண்டிருக்கிறார். ‘வேலையாட்களை வைத்துச் செய்யக் கூடாதா?’ என்று தோகென் கேட்டால், ‘அவர்கள் நானல்லவே’ என்கிறார். ‘வெயில் தாழட்டுமே’ என்றால், ‘பிறகு எந்த நேரத்துக்குக் காத்திருப்பது?’ என்கிறார்.

அரிசியில் கல் பொறுக்குவது பற்றியும் அதில் ஒரு கதை உண்டு. சீனத்துச் சமையற்காரத் துறவி சுவெஃபெங்கிடம், ‘அரிசியிலிருந்து மணலை எடுக்கிறாயா, மணலிலிருந்து அரிசியை எடுக்கிறாயா?’ என்று ஆசான் கேட்கிறார். ‘இரண்டையும் ஒன்றாகவே எடுத்துவிடுகிறேன்’ என்கிறார் சீடர். ‘அப்படியானால் மற்றவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?’ என்று ஆசான் கேட்டதும் சீடர் பாத்திரத்தையே கவிழ்த்துவிடுகிறார். ‘உனக்கு ஆசான் வேறிடத்தில் இருக்கிறார்’ என்று சொல்கிறார் ஆசான். சொன்னபடியே சுவெஃபெங் பின்னர் வேறொருவரின் சீடரானார்.