ஜிபிஏ 2.67இல் நிற்கும் மகன் துறை மாறலாமா? திருகோணமலைத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, நீங்கள் ஒரு கேள்வியாக எழுதியிருப்பதில் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. மகன் அமெரிக்காவில் இயந்திரப் பொறியியல் எம்.எஸ். படிப்பில் இரண்டு செமஸ்டர் முடித்து, ஜிபிஏ (4.0க்கான சராசரிப் புள்ளி) 2.67இல் நின்று, புள்ளியை உயர்த்தாவிட்டால் நீக்க நேரும் என்று எச்சரிக்கும் புரொபேஷன் கடிதமும் வாங்கியிருக்கிறார். அது ஒன்று. மின்பொறியியலுக்கு, முடிந்தால் வேறு பல்கலைக்கழகத்துக்கே, மாற நினைக்கிறார். அது மற்றது. முன்னதற்குத் திகதி குறித்தாயிற்று. பின்னது ஆறு மாதம் பொறுக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருக்கும் இடத்தில் படிப்பைக் கைவிட்டுவிட்டுப் புது இடத்துக்கு விண்ணப்பம் நிரப்புவதில் செமஸ்டரைக் கழிக்கிறார்கள். கடைசியில் பழைய இடம் நீக்கிவிடும், புது இடமும் கிடைக்காது. விசாச் சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

கணக்கை முதலில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ட்ரான்ஸ்கிரிப்டில் ஆறு பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். மூன்று பி, ஒரு பி மைனஸ், ஒரு சி பிளஸ், ஒரு சி. பி என்றால் 3.0, பி மைனஸ் 2.67, சி பிளஸ் 2.33, சி 2.0. ஒவ்வொன்றையும் 3ஆல் பெருக்கிக் கூட்டினால் 48 புள்ளி. அதை 18 கிரெடிட்டால் வகுத்தால் 2.67. அமெரிக்காவில் பட்டப்பின் படிப்புக்கு 3.0 இருந்தால்தான் நல்ல நிலை என்று கொள்வது பொது வழக்கம். பட்டம் தருவதற்கும் அதே 3.0 வேண்டும்.

வழக்கம்போல அடுத்த செமஸ்டரில் மூன்று பாடம் எடுத்தால் மொத்தம் 27 கிரெடிட். அதற்கு 81 புள்ளி தேவை. கையில் இருக்கும் 48 போக மிச்சம் 33. மூன்று பாடத்திலும் ஏ மைனஸ் (3.67) வாங்கினால் அது வரும். இரண்டு ஏயும் (4.0) ஒரு பியும் வாங்கினாலும் வரும். பாரத்தைக் குறைக்கிறேன் என்று இரண்டு பாடம் மட்டும் எடுத்தால் இரண்டிலும் முழு ஏ வேண்டும். அதோடு, பெரும்பாலான இடங்களில் 9 கிரெடிட்டுக்குக் குறைந்தால் முழுநேர மாணவர் என்ற கணக்கில் வராது. டிஎஸ்ஓ எனப்படும் வெளிநாட்டு மாணவர் அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டாலே எஃப்-1 என்ற மாணவர் விசா நிலை முறிந்துவிடும். 30 கிரெடிட் வரை இழுத்தால் மிச்சமுள்ள நான்கு பாடத்தில் சராசரி 3.5 போதும். ஆனால் அவ்வளவு காலம் தருகிறார்களா என்பது புரொபேஷன் கடிதத்தில்தான் இருக்கும். சில இடங்களில் ஒரே செமஸ்டர், சில இடங்களில் இரண்டு. அந்தக் கடிதத்தைப் பிள்ளை முழுவதும் வாசித்தாரா என்று கேளுங்கள். வெட்கத்தில் முதல் வரியோடு மூடிவைப்பவர்கள் பலர்.

அடுத்து, அந்த சியும் சி பிளஸும் எந்தப் பாடங்களில் வந்தவை என்று பார்த்தேன். ஒன்று தொடர்ம இயந்திரவியல், மற்றது கணினிவழிப் பாய்ம இயக்கவியல். இரண்டும் கணிதத்தில் நிற்பவை: டென்சர், பகுதி வகையீட்டுச் சமன்பாடு. இங்கேதான் மனம் திறந்து பேச வேண்டும். கணிதத்தில் இடறியதால் புள்ளி குறைந்திருந்தால், மின்பொறியியல் அதற்கு மருந்து ஆகாது. அங்கே நேரியல் அட்சரகணிதம், ஃபூரியர் உருமாற்றம், நிகழ்தகவு எல்லாம் முதல் வாரத்திலேயே வரும். இடம் மாறினாலும் இதே சி பின்னால் வரும். காரணம் நோய், வீட்டுத் துக்கம், பொருந்தாத மேற்பார்வையாளர் என்றால் கதை வேறு. அப்போது மாற்றத்துக்கு அர்த்தம் உண்டு.

வேலை காரணமா என்றும் கேளுங்கள். எஃப்-1 மாணவர் படிப்புக் காலத்தில் கம்பஸுக்குள் வாரம் 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். வெளியே கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ அனுமதியின்றி வேலை செய்திருந்தால், அதை உடனே நிறுத்தி ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் போக வேண்டும். “வேலை செய்ததால் படிக்க முடியவில்லை” என்று அனுதாபத்துக்காக விண்ணப்பக் கடிதத்தில் எழுதிவிடக் கூடாது. அது தன் கையாலேயே விசா மீறலை எழுதிக் கொடுப்பதாகிவிடும்.

இனி மாற்றம். அதிலே மூன்று படி உண்டு. முதற்படியிலேயே காரியம் முடிகிறதா என்று பார்க்காமல் மூன்றாவதுக்குத் தாவுவது வீண் செலவு.

முதற்படி, துறை மாறாமல் பிரிவு மட்டும் மாறுவது. உங்கள் மகனின் விருப்பம் மின்சக்தி, சூரிய ஆற்றல். இயந்திரப் பொறியியலுக்குள்ளேயே ஆற்றல் அமைப்புகள் என்ற பிரிவு பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஆய்வேட்டில் சிக்கியிருந்தால் ஆய்வேடு இல்லாத வழிக்கு மாறலாம். 24 கிரெடிட் பாடமும் 6 கிரெடிட் ஆய்வுமாக இருப்பது 30 கிரெடிட் பாடமாக மாறும். இதற்குப் புது அனுமதி வேண்டியதில்லை. ஆலோசகர் கையெழுத்தும் துறையின் ஒப்புதலும் போதும். இங்கே திரும்பி வந்து சம்பூர் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் போன்ற இடத்தில் வேலை பார்ப்பதுதான் எண்ணம் என்றால், அங்கே மின்பொறியியலாளரும் வேண்டும், இயந்திரப் பொறியியலாளரும் வேண்டும். பட்டத்தின் பெயரை மாற்றாமலே ஆற்றல் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி, அதே பல்கலைக்கழகத்தில் வேறு துறை. ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் டிஎஸ்ஓ துறையின் பெயரைத் திருத்தித் தருவார். விசா மாற்றம் இல்லை. ஆனால் பழைய 2.67 கூடவே வரும். ஒரே ட்ரான்ஸ்கிரிப்ட் என்பதால் பட்டப்பின் பாடம் எல்லாம் பொதுவாக ஜிபிஏயில் சேர்ந்தே நிற்கும். இயந்திரப் பட்டம் உள்ளவரிடம் மின்பொறியியல் துறை, மின்சுற்று, சமிக்ஞையும் தொகுதிகளும், மின்காந்தவியல் போன்ற இளமாணிப் பாடங்களை முடித்து வரச் சொல்லும். அவை பட்டத்துக்குரிய 30 கிரெடிட்டில் சேராது. காசு மட்டும் போகும். அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாம் படி, வேறு பல்கலைக்கழகம். அங்கே ஜிபிஏ பூச்சியத்திலிருந்து தொடங்கும், அது ஆறுதல். ஆனால் கொண்டுபோகும் கிரெடிட்டுக்கு எல்லை உண்டு. அநேக இடங்களில் 6 முதல் 9 வரை, அதுவும் பியும் அதற்கு மேலும் எடுத்த பாடம் மட்டும், அதுவும் புதிய துறை “இது எங்களுக்குப் பொருந்தும்” என்று ஏற்றால்தான். உங்கள் மகனின் 18 கிரெடிட்டில் மூன்று பி மட்டுமே, அதாவது அதிகபட்சம் 9, தகுதி பெறும். பி மைனஸ்கூடப் போகாது. இயந்திரப் பாடத்தை மின்துறை ஏற்காவிட்டால் அந்த 9உம் குறையும். “முழுக் கிரெடிட்டையும் மாற்றித் தருவோம்” என்று எந்த ஏஜென்சி சொன்னாலும் அந்த வாசலைத் தாண்டி வந்துவிடுங்கள்.

நான் சொல்லும் வழி இதுதான்: வருகிற செமஸ்டரின் மூன்று பாடத்தில் ஒன்றை மின்பொறியியல் துறையிலேயே எடுக்கட்டும். கட்டுப்பாட்டுத் தொகுதிகள் நல்ல தெரிவு. இரண்டு துறைக்கும் பொதுவான பாடம் அது, இயந்திர மாணவர் கரைசேரலாம். மின்காந்தவியலை இப்போது தொட வேண்டாம். அந்த ஒரு பாடத்தில் ஏ வந்தால் மூன்று காரியம் ஒன்றாக நடக்கும். ஜிபிஏ ஏறும், மின்துறைப் பேராசிரியர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் கிடைக்கும், “இந்தத் துறையில் என்னால் முடியும்” என்பதற்குத் துறையே தந்த சான்று கையில் இருக்கும். தேர்வுக் குழு பழைய புள்ளியைவிடக் கடைசியாக எடுத்த பாடங்களைத்தான் கூர்ந்து பார்க்கும்.

விண்ணப்பத்தில் இரண்டு அமெரிக்க செமஸ்டரை மறைத்துவிட்டு, இலங்கைப் பட்டத்தை மட்டும் காட்டி விண்ணப்பிக்கும் யோசனையைச் சிலர் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். படித்த எல்லா நிறுவனத்தின் ட்ரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள். மாணவர் பதிவு சேவிஸ் என்ற அரசாங்கக் கணினித் தொகுதியில் இருக்கிறது, புதிய இடத்துக்கு அந்தப் பதிவே நேராகப் போகும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த அனுமதியையும் பறிப்பார்கள். குறைந்த புள்ளியை மன்னிப்பார்கள், பொய்யை மன்னிக்க மாட்டார்கள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். நோக்கக் கடிதத்தின் நடுவில் ஒரே ஒரு பந்தி. என்ன நடந்தது என்று இரண்டு வரி, என்ன மாற்றினேன் என்று ஒரு வரி, அதன் பலன் இன்ன பாடத்தில் இன்ன பெறுபேறு என்று ஒரு வரி. பேராசிரியரைக் குறை சொல்லக் கூடாது. கடிதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இந்தப் பேச்சே வரக் கூடாது. மூன்று சிபாரிசுக் கடிதத்தில் ஒன்றாவது இப்போதைய துறையிலிருந்து வர வேண்டும். அது இல்லாவிட்டால் குழு காரணம் தேடும். பி வந்த பாடத்தின் ஆசிரியரிடம் கேட்கலாம், ஏ தந்தவர்தான் என்றில்லை. ஜிஆர்ஈ என்ற பட்டப்பின் நுழைவுப் பரீட்சையைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. ஆனால் கணிதம்தான் சந்தேகம் என்றால், 170க்கு 165ஐத் தாண்டிய கணிதப் புள்ளி நல்ல பதில். அந்தப் பெறுபேறு 5 வருடம் செல்லும்.

இளமாணிப் பட்டத்தில் 2.8 என்றீர்கள். நம் பொறியியல் பீடங்களில் 3.0 எடுத்தாலே இரண்டாம் வகுப்பு. இங்கே புள்ளி இறுக்கமாகத்தான் விழும், அது அமெரிக்கக் குழுவுக்குத் தெரியாது. பேராதனையோ மொறட்டுவையோ கிளிநொச்சி அறிவியல்நகரோ, படித்த பீடத்தில் பட்ச்சில் எத்தனையாவது இடம் என்று ஒரு கடிதம் கிடைக்குமா என்று உதவிப் பதிவாளரிடம் கேட்கலாம். இடம் ஓரளவு நன்றாக இருந்தால் மட்டும் அதை விண்ணப்பத்தோடு சேர்க்கலாம். இது நீங்கள் செய்யக்கூடிய வேலை. மகன் ஒரு அதிகாரக் கடிதம் அனுப்பினால் ட்ரான்ஸ்கிரிப்டின் முத்திரையிட்ட பிரதிகளையும் ஒரே பயணத்தில் கேட்டுப் பெறலாம். போகுமுன் தொலைபேசியில் கட்டணத்தையும் எத்தனை நாள் எடுக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா விடயத்தில் வரிசை மிக முக்கியம். முதலில் புதிய இடத்தின் அனுமதிக் கடிதம், அதன்பின் பழைய இடத்து டிஎஸ்ஓவிடம் சேவிஸ் விடுவிப்புத் திகதி, அதன்பின் புதிய ஐ-20. விடுவிப்புத் திகதிக்கும் புதிய வகுப்புத் தொடங்குவதற்கும் 5 மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இடைநடுவில் தானாக விலகினால், டிஎஸ்ஓ அனுமதித்திருந்தால் மட்டும் நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள். படிப்பை முடித்தவருக்கு 60 நாள். நிலையைத் தவறவிட்டவருக்கு ஒரு நாளும் இல்லை. புரொபேஷன் மட்டும் விசா மீறல் அல்ல, அதற்காகப் பயப்பட வேண்டாம். இன்னொன்று: பட்டப்பின் மாணவர் படிப்பை மாற்றுவதைத் தடைசெய்யும் விதியை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 2025 ஆகஸ்டில் முன்மொழிந்தது. ஆகவே எந்தப் படிவத்திலும் கையெழுத்திடுமுன், அன்றைய நிலை என்ன என்று டிஎஸ்ஓவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

எதுவும் கைகூடாமல் ஊர் திரும்ப நேர்ந்தால் அதுவும் ஒரு பாதைதான், அம்மா. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், குறைந்தது 25 கிரெடிட். பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், 30. ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60. வார இறுதி வகுப்புள்ள பாடநெறியானால் சீனக்குடாவிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே போய்வரும் வழி உண்டு. இரண்டு வருட வேலை அனுபவம் சேர்ந்தால் பழைய 2.67ஐ யாரும் முதலில் பார்ப்பதில்லை. சொந்தபந்தத்தின் வாய்க்குப் பயந்து பிள்ளையை அங்கேயே கிடக்க வைக்காதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கு நீங்களோ அவருடைய அப்பாவோ மின்னஞ்சல் எழுத வேண்டாம். மாணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்கு அவர்கள் எதுவும் சொல்ல முடியாது, அது அங்கே சட்டம். மகனோடுதான் பேச வேண்டும். இங்கே காலை 7 மணி என்றால், கோடையில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் முதல்நாள் இரவு 9.30. அவர் அறைக்குத் திரும்பியிருப்பார். புள்ளியைப் பற்றிக் கேட்காமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள். பிறகு மூன்றே கேள்வி: புரொபேஷன் கடிதத்தில் என்ன திகதி போட்டிருக்கிறது, அடுத்த செமஸ்டருக்கு எந்த மூன்று பாடம், டிஎஸ்ஓவை எப்போது பார்க்கப் போகிறாய். அந்த மூன்று பதிலையும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் படி என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.