கிட்ஸ் கிளப்பில் விட்டால் பாவமா?

கேள்வி: திருமண நாளுக்கு மாலத்தீவு போகிறோம். ரிசார்ட்டை புக் செய்தது என் கணவர். அங்கே தங்க வருகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப் இருக்கிறதாம். மூன்றரை வயது மகளை அதில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு மணி நேரம் படகில் ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டி, கடலில் மிதந்தபடி உள்ளே பார்ப்பது) போகலாம் என்றிருக்கிறோம். "பெத்த பிள்ளையை முன்பின் தெரியாதவங்ககிட்ட விட்டுட்டு அப்படி என்ன ஊர் சுத்தல்?" என்று மாமியார் என்னைக் கேட்கிறார். விடுவது தவறா? – வாசகி, கோவை

பதில்: தவறில்லை. ஆனால் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்தீர்களா? மாலத்தீவில் பல ரிசார்ட்டுகளின் கிட்ஸ் கிளப் 4 வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ கூடவே உட்கார வேண்டும். இல்லையேல் மணிக்கணக்கில் டாலர் கொடுத்து ஆயா வைக்க வேண்டும். 1967-லேயே 'மினி கிளப்' ஆரம்பித்த பிரெஞ்சு நிறுவனம் கிளப் மெட்கூட அதில் 4 வயதிலிருந்துதான் சேர்க்கிறது. செக்-இன் செய்யும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

முன்பின் தெரியாதவர் என்கிறார் மாமியார். இதே வயதுப் பிள்ளைகளை ஆட்டோவில் அடைத்து ப்ளே ஸ்கூலுக்கு அனுப்புகிற ஊர் நம்முடையது. டிரைவரைப் பற்றி எத்தனை வீடுகளில் விசாரிக்கிறார்கள்?

கிளப்புக்கு இன்றே மெயில் போடுங்கள். ஒரு ஆளுக்கு எத்தனை குழந்தைகள்? இங்கிலாந்து நர்சரிகளில் 3 வயதுக்காரர்கள் என்றால் பொதுவாக 8 பேருக்கு ஒருவர், 2 வயது என்றால் 5 பேருக்கு ஒருவர். இதைவிட மோசமான கணக்கு வந்தால் பிள்ளையை அங்கே விடாதீர்கள். "தண்ணீரில் இறக்கக் கூடாது", "எங்கள் இருவரைத் தவிர யாரிடமும் அனுப்பக் கூடாது" என்ற இரண்டையும் ஃபாரத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது. அப்புறம், பிள்ளை "உச்சா" என்றால் அங்கே யாருக்கும் விளங்காது. "டாய்லெட்" என்று சொல்லப் பழக்குங்கள்.

எனக்கு இடிப்பது உங்கள் ஸ்நார்கெலிங்தான். பிள்ளை விழுந்து அடிபட்டாலோ, அழுகையை நிறுத்தாவிட்டாலோ கிளப்காரர்கள் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள். இருவரும் தலையைக் கடலுக்குள் விட்டிருந்தால் யார் எடுப்பது? படகும் நீங்கள் நினைத்த நிமிஷத்தில் திரும்பாது. அவள் கிளப்பில் இருக்கும் நேரத்தில் ரிசார்ட்டுக்குள்ளேயே நிதானமாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள், பேசிக்கொண்டிருங்கள். படகுக்கு இன்று ஒருவர், நாளை ஒருவர். திருமண நாளுக்கு இது அழகா என்றால், மூன்றரை வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு அவ்வளவுதான் வாய்க்கும்.

மாமியாருக்கு நீங்கள் பதில் தேட வேண்டாம். புக் செய்தது அவருடைய மகன். கேள்வியை உங்கள் கணவரிடம் திருப்பிவிடுங்கள்.