தழும்பைப் பார்க்க வேண்டிய நேரம்

கேள்வி: அமெரிக்கப் பத்திரிகைகள் போர் நடந்துகொண்டிருக்கும்போதே சொந்த நாட்டு அதிபரைக் கார்ட்டூன் போட்டுக் கிழிக்கின்றன. களத்தில் உயிரைக் கொடுக்கும் வீரனுக்கு இது அவமானம் இல்லையா? போர் முடிந்த பிறகு விமர்சித்தால் என்ன?

பதில்: இதே கோபம் 2006-இல் அமெரிக்க ராணுவத்தின் உச்சியிலிருந்தே வந்தது. இராக் போரில் ராணுவம் களைத்துத் தேய்ந்துவிட்டது என்று அப்போது ஓர் அறிக்கை வந்திருந்தது. பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அதை ஏற்கவில்லை. நம் படை போரில் உரமேறிய படை என்றார். வாஷிங்டன் போஸ்ட்டின் கார்ட்டூனிஸ்ட் டாம் டோல்ஸ் அந்த வார்த்தையை எடுத்து ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தார். கட்டிலில் கை கால் நான்கையும் இழந்த ஒரு சிப்பாய். பக்கத்தில் டாக்டராக ரம்ஸ்ஃபெல்ட். 'உங்கள் நிலைமையை "போரில் உரமேறியவர்" என்று குறித்துக்கொள்கிறேன்' என்கிறார்.

அமெரிக்கப் படைகளின் உச்சத் தளபதிகள் ஆறு பேர் சேர்ந்து கையெழுத்திட்டு அந்தப் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார்கள். காயம்பட்ட வீரர்களை வைத்து இப்படி வரையலாமா என்பது அவர்கள் ஆத்திரம். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் சிப்பாயைப் பழிக்கும் ஒரு கோடு என் கண்ணில் படவில்லை. அவர் உடம்புக்கு நேர்ந்ததை ஒரு கம்பீரமான வார்த்தையால் மூடியவர்தான் அங்கே குற்றவாளி. அமைச்சர் பெயர் இருந்தாலும், அந்த அமைச்சரையும் போரையும் தேர்ந்தெடுத்தவர் அதிபர் புஷ். கேள்வி அவரைத்தான் போய்ச் சேருகிறது.

சரி, 'போர் முடிந்த பிறகு' என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

1965 அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சனுக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. சில நாட்களில் நிருபர்கள், புகைப்படக்காரர்கள் முன்னால் சட்டையைத் தூக்கி, வயிற்றில் இருந்த தழும்பைக் காட்டினார். மறு ஆண்டு கார்ட்டூனிஸ்ட் டேவிட் லெவின், நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் அதை வரைந்தார். அதே ஜான்சன், அதே தூக்கிய சட்டை. தழும்பு மட்டும் வியட்நாம் வரைபடத்தின் வடிவத்தில் இருந்தது. ஜான்சன் ஆட்சியில் ஆறாமல் நிற்கப்போகும் காயம் எது என்று ஒரே ஒரு நெளிந்த கோட்டில் சொல்லிவிட்டார்.

வியட்நாமில் இறந்த அமெரிக்க வீரர்கள் 58,000-க்கும் மேல். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் 1966 முடியும்போது உயிரோடுதான் இருந்தார்கள். பலர் அப்போது ராணுவத்திலேயே சேர்ந்திருக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். 1965 கடைசியில் அங்கே சுமார் 1,84,000 துருப்புகள். 1968-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்புறம் வியட்நாமியர்கள், லட்சக்கணக்கில். லெவின் காத்திருந்திருந்தால் யாருக்கு மரியாதை செய்ததாக ஆகியிருக்கும்?

கார்ட்டூன் போரை நிறுத்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1968 மார்ச் 31 அன்று, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்ததற்கு, வியட்நாமில் எதிரிப் படைகள் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடத்திய டெட் தாக்குதல், சொந்தக் கட்சியிலேயே கிளம்பிய எதிர்ப்பு என்று பெரிய காரணங்கள் இருந்தன. எல்லாக் கார்ட்டூனும் நியாயமானது என்றும் சொல்ல மாட்டேன். 1864-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, அமெரிக்கத் தாயாக உருவகிக்கப்படும் கொலம்பியா லிங்கனிடம் 'என் ஐந்து லட்சம் பிள்ளைகளைத் திருப்பிக் கொடு' என்று கேட்பதாக ஒரு படம் வந்தது. லிங்கன் அதற்கு, 'இதைக் கேட்டதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது' என்கிறார். அடிமை முறையை ஒழித்த போர் அது. லிங்கனை அப்படிக் காட்டியது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தாயின் கேள்வி அநியாயமானதில்லை. லிங்கன் அந்த ஆண்டே, போர் முடியும் முன்பே, தேர்தலில் நின்று ஜெயித்தார்.

வீரனைக் கேவலப்படுத்தும் படம் என் மேஜைக்கு வந்தால் திருப்பி அனுப்புவேன், தயங்க மாட்டேன். அவனை அனுப்பியவரிடம் கணக்குக் கேட்கும் படம் வந்தால் அந்த வாரமே அச்சுக்குப் போகும்.