வட துருவப் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் முதியவர்களின் வாய்மொழிக் கதைகளை வரலாற்றுச் சான்றாக நம்பலாமா?

நம்பலாம். பிரிட்டன் நம்ப மறுத்த அவர்கள் சொல் பின்னாளில் மெய்யானதே அதற்குச் சாட்சி.

1845-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரபஸ், டெரர் என்ற இரு கப்பல்கள், கனடாவின் வடக்கே பனிக்கடல் வழியாக ஆசியாவை அடையும் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டன. 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1854-இல் இனுயிட் மக்களிடம் விசாரித்த ஆய்வுப் பயணி ஜான் ரே, பசி தாளாமல் மாலுமிகள் பிணங்களைத் தின்றதாகத் தகவல் அனுப்பினார். லண்டன் கொதித்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இனுயிட்களையே சந்தேகித்து எழுதினார். பின்னாளில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருந்தன!

அந்த மக்கள் சொன்னவை பொத்தாம்பொதுவான கதைகள் அல்ல. பனியில் சிக்கிய ஒரு கப்பலுக்குள் நுழைந்ததையும், உள்ளே பெரிய உடல்கொண்ட ஒருவர் இறந்து கிடந்ததையும், கப்பல் மூழ்கிய பிறகும் பாய்மரம் நீருக்கு மேல் தெரிந்ததையும் விவரித்தார்கள். மரமே முளைக்காத நிலத்தில் ஒரு பலகையும் ஓர் இரும்புத் துண்டும் சறுக்குவண்டியாகவும் கத்தியாகவும் மாறும். அவை கிடைத்த இடத்தை யார்தான் மறப்பார்கள்?

இன்னொரு காரணம், சொல்லும் முறை. தான் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று முதியவர்கள் பிரித்தே சொல்வார்கள். வட கனடாவின் ஜோவா ஹேவன் என்ற ஊரைச் சேர்ந்த இனுயிட்டான லூயி கமூகாக் சிறுவயதில் கொள்ளுப்பாட்டியிடம் இக்கதைகளைக் கேட்டவர். பல ஆண்டுகள் முதியவர்களிடம் அவற்றைத் திரட்டினார்.

எரபஸ் 2014-இல் கிடைத்தது, இனுயிட்கள் சுட்டிய கடற்பகுதியிலேயே. டெரர் 2016-இல், ஓர் இனுயிட் வேட்டைக்காரர் தந்த துப்பால்.