போலந்துக் கவிதையில் ‘மறைந்திருக்கும் யூத அடையாளம்’ என்றால் என்ன?

கவிஞர் யூதர், ஆனால் கவிதையில் அந்தச் சொல்லே வராது, அல்லது ஓரமாக ஒருமுறை வந்து போகும். ரசத்தில் பெருங்காயம் மாதிரி: கண்ணுக்குத் தெரியாது, வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

காரணம் அன்றைய சூழல். இரு உலகப் போர்களுக்கு இடையில், போலிஷில் எழுதிய யூதர்களை ‘நீங்கள் எங்கள் கவிஞர்கள் இல்லை’ என்று ஒதுக்கியவர்கள் அங்கே நிறைய. நாஜி ஆக்கிரமிப்பில் அடையாளம் வெளியே தெரிந்தாலே சாவுதான்.

சுசன்னா கின்சான்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் கீவ் நகரில் பிறந்தவர். வீட்டில் ரஷ்ய மொழி. கவிதைக்குப் போலிஷைத் தானே தேர்ந்தெடுத்தார். 1936இல் வந்த அவருடைய ஒரே தொகுப்பில் உடலும் இயற்கையும்தான் ததும்புகின்றன. 1942இல், தலைமறைவாக இருந்தபோது எழுதிய கவிதை வேறு ரகம். போலந்தின் தேசியக் கவி ஸ்வோவாட்ஸ்கியின் ‘உயில்’ கவிதையை எடுத்துத் தலைகீழாக்குகிறார். ‘எனக்கு வாரிசு இல்லை, என் யூதப் பொருள்களை நீங்களே துழாவி எடுங்கள்’ என்கிறார். கவிதையில், சூறையாட வந்தவர்கள் புதையல் தேடி மெத்தை, தலையணைகளைக் கிழிக்கிறார்கள். ரத்தம் தோய்ந்த கைகளில் இறகுகள் ஒட்டிச் சிறகாகின்றன. எனக்கு இதைவிடக் கசப்பான கிண்டல் தெரியாது. தன்னைக் காட்டிக்கொடுத்த வீட்டுக்காரியின் பெயரையும் அதில் எழுதிவைத்தார். போர் முடியும் முன்பே நாஜிகள் கின்சான்காவைக் கொன்றுவிட்டார்கள். பிறகு அந்த வீட்டுக்காரிமீது நடந்த வழக்கில் இந்தக் கவிதையே சாட்சியமானது.

‘மறைத்தார் என்றால் யூதராக இருக்க வெட்கப்பட்டார்’ என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ஒளித்துவைத்தது உயிரை, இந்தக் கவிதையில் எதையும் ஒளிக்கவில்லை.