அகழாய்வு இயக்குநர் என்ன செய்கிறார்?

ஐயா, வணக்கம். தொல்லியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கீழடிச் செய்திகளைப் படித்துத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். ஆனால் அகழாய்வுக்குத் தலைமை ஏற்பவர் உரிமம், கூலிப் பட்டியல், பில் என்று அலைவதிலேயே காலம் போய்விடும், குழிக்குள் இறங்கவே நேரமிருக்காது என்கிறார்கள் சீனியர்கள். ஆய்வாளராக விரும்புகிறவன் அந்த வேலைக்கு ஆசைப்படலாமா?

மாணவர் ஒருவர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக ஆசைப்படலாம். அலைச்சல் பற்றிச் சீனியர்கள் சொல்வது உண்மைதான். மாநிலத் துறை தோண்டுவதென்றாலும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். கீழடி மாதிரி இடம் தனியார் தென்னந்தோப்பாக இருந்தால் நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் தோண்டி, பதிவு செய்து, பல குழிகளை மூடியும் கொடுக்க வேண்டும். ஆக, இந்தப் பருவத்தில் எத்தனை குழி, எந்த மூலையில், எது வரைக்கும் என்று இயக்குநர் எடுக்கிற முடிவும் ஆய்வின் பகுதிதான். ஒருமுறை தோண்டிய மண்ணை யாராலும் இரண்டாவது முறை தோண்ட முடியாது.

குழி ஓரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். பத்துக்குப் பத்து மீட்டர் சதுரத்தை நான்காகப் பிரித்து, இடையில் மண்ணைச் சுவர்போல விட்டுவிடுவார்கள். மண்ணடுக்குகளைப் படிக்க அந்தச் சுவர்தான் சாட்சி. வெளியே வரும் ஒவ்வொரு பானை ஓட்டுப் பையிலும் குழி எண், கால்பகுதி, மண்ணடுக்கு, ஆழம், தேதி எழுதிய சீட்டு இருக்கும். ‘ஆதன்’ என்ற பெயரைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய ஓடு கிடைத்தால் எல்லோரும் கூடிவிடுவார்கள். அந்தச் சீட்டு தொலைந்துபோனால் ஓட்டில் பெயர் மட்டும்தான் மிஞ்சும், காலம் போய்விடும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டுதான் கி.மு. 580 என்ற காலக்கணிப்பைக் கொடுத்தது. 200 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 205. ஆழத்தை யாரோ அசட்டையாகக் குறித்திருந்தால் ஆய்வகத்தில் எவ்வளவு துல்லியமாக அளந்தும் என்ன பயன்? நாள் முடிவில் நூறு பைகளிலும் சீட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவரை வெறும் நிர்வாகி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதைவிடப் பெரிய வேலை குழியை மூடிய பிறகுதான் தொடங்குகிறது. அப்போது மத்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டியது 1945-இல். அடுத்த ஆண்டே அத்துறையின் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் அறிக்கை வந்துவிட்டது. ஆதிச்சநல்லூரில் 2004-05-இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். கீழடியின் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017-இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அவருடைய 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில்தான் துறையிடம் போனது. இடமாற்றம், நிதி, அரசியல் எதுவும் இயக்குநரின் கையில் இல்லை. ஆனால் தன்னை நாளைக்கே மாற்றினாலும் அடுத்து வருபவர் வரைபடத்தையும் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடரும்படி வைத்திருப்பது அவர் கையில்தான் இருக்கிறது. பணத்தையும் ஆட்களையும் முழுக்கத் தோண்டுவதிலேயே செலவழித்துவிட்டு, ஓடுகளை மூட்டையாகக் கட்டி வைப்பது எனக்குப் பெரிய குற்றமாகவே படுகிறது. நான்கு குழி போதும் என்று நிறுத்தி, மிச்சத்தை வரைவதற்கும் வகைப்படுத்துவதற்கும் எழுதுவதற்கும் ஒதுக்குகிறவர்தான் நல்ல இயக்குநர்.

அப்புறம், உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் கூலிக்கு வருவார்கள். சில வாரங்களிலேயே மண்ணின் நிறம் மாறுவதை மாணவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்குக் கூலி நாள் தவறாமல் போக வேண்டும், குழிக்கு மேலே நிழல் இருக்க வேண்டும். அதையும் இயக்குநர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த களப்பயிற்சியில் குழி வேலை கேட்காதீர்கள். ஓடுகளைக் கழுவி, எண்ணி, பதிவேட்டில் ஏற்றும் இடத்தில் ஒரு மாதம் உட்கார வையுங்கள் என்று கேளுங்கள். அது பிடித்துப்போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.