"ஷரீஅத் சொல்கிறது" என்றால் யார் சொல்கிறார்கள்?

கேள்வி: சட்டத்தில் முதுநிலை படிக்கிறேன். 'இஸ்லாமியச் சட்டமும் நடப்பு விவகாரங்களும்' என்ற தலைப்பில் ஆய்வேடு எழுத வேண்டும். செய்தி விவாதங்களில் ஒருவர் "ஷரீஅத் இதை அனுமதிக்கிறது" என்கிறார், அடுத்தவர் "அனுமதிக்கவே இல்லை" என்கிறார். இருவரும் ஆதாரம் காட்டுகிறார்கள். எனக்கு அரபியும் தெரியாது. தலைப்பையே மாற்றிவிடலாமா?
- ஒரு மாணவி

பதில்: மாற்றாதீர்கள், சுருக்குங்கள். நீங்கள் குழம்பியதே நல்ல அடையாளம். அந்த இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாமல், இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்கத் தோன்றியிருக்கிறதே!

ஷரீஅத் என்பது இறைவன் காட்டிய வழி. அதை மனிதர்கள் புரிந்துகொண்டு வகுத்த சட்ட விளக்கம் ஃபிக்ஹு. ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி என்று சுன்னிகளிடையே நான்கு மத்ஹபுகள், அதாவது சட்ட மரபுகள், இருக்கின்றன. ஷியாக்களில் பெரும்பாலோருக்கு ஜஅஃபரி. சட்ட விளக்கம் சொல்லும் அறிஞரான முஃப்தி தரும் ஃபத்வா கருத்துதான். காஜி என்ற நீதிபதியின் தீர்ப்பு கட்டுப்படுத்தும், ஃபத்வா யாரையும் கட்டுப்படுத்தாது. இவை எல்லாவற்றுக்கும் வெளியே, நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் தனி. செய்திகளில் இவை அத்தனைக்கும் 'ஷரீஅத்' என்று ஒரே பெயர்தான்.

ஒரு பெண்ணின் நிலையை வைத்துப் பாருங்கள். கணவன் வெளியூர் போனான், திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. ஹனஃபி நூல்களின்படி, அவன் வயதை ஒத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும்வரை என்று கணக்குச் சொன்னவர்களும் உண்டு. மாலிகி மத்ஹபில் நான்கு ஆண்டுகள் போதும், அப்புறம் இத்தா என்ற காத்திருப்புக் காலம் இருந்துவிட்டு அவள் மறுமணம் செய்யலாம். இரண்டுமே ஃபிக்ஹுதான்.

பிரிட்டிஷ் இந்தியாவில் இது பெரிய துயரமாக இருந்தது. திருமண பந்தத்திலிருந்து விடுபட வேறு வழி இல்லாமல் சில பெண்கள் மதத்தையே விட்டு வெளியேறினார்கள். 1930-களின் தொடக்கத்தில் ஹனஃபி அறிஞரான அஷ்ரஃப் அலி தானவி, மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அவர்கள் மத்ஹபின் சட்டத்தை இங்கே கடைப்பிடிக்க வழி சொன்னார். 1939-ல் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் அந்த நான்கு ஆண்டு அப்படியே இடம்பெற்றது. தீர்ப்பு வந்த பிறகும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து, மனைவியோடு வாழத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு ரத்தாகிவிடும். ஆனால் முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்று உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) கேட்டது சட்டத்தில் வரவில்லை. இப்போது சொல்லுங்கள், அந்தப் பிரிவை ஷரீஅத் என்பீர்களா, மாலிகி ஃபிக்ஹு என்பீர்களா, பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் என்பீர்களா? உங்கள் ஆய்வுக்கான கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

நடப்பு விவகாரத்துக்கும் ஓர் உதாரணம். 2024 பிப்ரவரி 9 அன்று மலேசியாவின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், கிளந்தான் மாநில ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகளை 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் செல்லாது என்றது. தலைப்பை மட்டும் படித்தால் இஸ்லாத்துக்கு எதிரான தீர்ப்பு என்று தோன்றும். நீதிமன்றம் ஆராய்ந்ததோ, அந்தக் குற்றங்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்துக்கா, நாடாளுமன்றத்துக்கா என்பதை. தீர்ப்பையே எடுத்துப் படிக்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

பழைய ஆய்வு நூல்களிலும் கவனம் வேண்டும். பத்தாம் நூற்றாண்டோடு இஜ்திஹாதின் (மூல ஆதாரங்களிலிருந்து அறிஞர்கள் தாமே சட்டம் கண்டறிவதன்) கதவு மூடப்பட்டது என்று ஜோசஃப் ஷாக்ட் போன்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள், பலரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். 1984-ல் வாஇல் ஹல்லாக் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரையில் அதை மறுத்தார். நூலகத்தில் ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் அது வெளியான ஆண்டைப் பாருங்கள்.

அரபி தெரியாதது குறைதான், மறைக்க வேண்டாம். மூல ஃபிக்ஹு நூல்களை ஆராயும் தலைப்பு உங்களுக்கு வேண்டாம். சட்டமும் தீர்ப்புகளும் உங்களால் படிக்க முடிந்த மொழியில் இருக்கும் தலைப்பாக எடுங்கள். ஃபிக்ஹு பகுதிக்கு ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) போய் உட்காருங்கள். "இஸ்லாம் என்ன சொல்கிறது?" என்று கேட்காமல், "இது எந்த மத்ஹபு, எந்த நூல், மாற்றுக் கருத்து உண்டா?" என்று கேளுங்கள். நல்ல ஆலிம் அந்தக் கேள்வியைக் கேட்டு மகிழ்வார்.

சரி, முதல் வேலையாக அந்த 1939 சட்டத்தின் இரண்டாம் பிரிவை எடுங்கள். காணாமல் போன கணவனைப் பற்றிய தீர்ப்புகளில் பத்தையாவது படித்து, ஒவ்வொன்றிலும் நீதிபதி எந்த நூலை மேற்கோள் காட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.